வாங்காத எருமைக்கு வந்த போன்

1984ஆம் வருடம், தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆண்டாயிக்குப் போன் வந்தது.

கீழப்பழுவூருக்கு மேற்கே நாலு மைலில் இருந்த அந்த ஊரில் தபாலாபீசில் மட்டும்தான் போன் இருந்தது. வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஊர்க்காரர்களுக்காகப் பதினேழு முறை அடித்திருந்தது. பதினாறு முறை சாவுச் செய்தி. பதினேழாவது, ஒருவர் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி. அவர் பிழைத்துக்கொண்டதால் ஊருக்குக் கொஞ்சம் மனக்குறை.

ஆகவே, "ஒன் பேரைச் சொல்லி ஒனக்கு பிபி கால் வந்திருக்கு, உடனே வரணுமாம்" என்று தபால்காரர் வாசலில் வந்து சொன்னதும், ஆண்டாயி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள். செத்தது யாரென்று தெரியாததால் யார் பேரையும் சொல்லாமல் பொதுவாக அழுதார்கள்.

ஆண்டாயிக்கு நாற்பது வயது ஆகவில்லை. அவளுடைய அப்பனும் பாட்டனும் அடுத்தவர் வயலில் உழைத்து அடுத்தவர் களத்தில் கூலி வாங்கியவர்கள். அவளும் அவள் கணவன் மதுரைவீரனும் அந்த வழக்கத்தை விட்டார்கள். அவன் அரியலூரில் மூட்டை தூக்கினான். தவணையில் ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டான். மெஷினுக்குக் கடைசித் தவணை கட்டிய வருடமே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அது நடந்து ஐந்து வருடம். மகள் சிந்தாமணி கீழப்பழுவூரில் ஒன்பதாவது படித்தாள். வீட்டில் உலை கொதித்ததும் மகள் பள்ளிக்கூடம் போனதும் அந்த மெஷினால்.

போஸ்ட்மாஸ்டர் அய்யம்பெருமாள் ரிசீவரைத் துண்டால் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

"ஆண்டாயி. கணவர் பேர் மதுரைவீரன். அதானே?" என்றது ஒரு குரல்.

"ஆமாங்க. யாருங்க செத்தது?"

"யாரும் சாகலை. நான் கறவைமாட்டுக் கடன் சங்கத்தோட திருச்சி ஹெட் ஆபீஸ்ல ரெகவரி ஆபீசர் ராஜசேகரன் பேசறேன். நீங்க எழுபத்தெட்டுல வாங்கின எருமைக் கடன் ஆயிரத்தெண்ணூறு. வட்டியோட ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது. சனிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா ஜப்தி. வூட்டுல தையல் மெஷின் ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்குங்க. ஆனா நான் எருமை வாங்கலீங்களே."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு, அதனால சொல்றேன்" என்றது பல மைலுக்கு அப்பால் இருந்த குரல். "அறுநூறு மட்டும் மணியார்டர் பண்ணிடுங்க, பைலை முடிச்சிடறேன். ஜி. ராஜசேகரன், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ், எட்டாம் நம்பர் ரூம். அதான் கேம்ப் ஆபீஸ். வெளியில யார்கிட்டயும் பேசாதீங்க, ஆபீஸ் ரகசியம். அரியலூர் சங்கத்துக்கும் போகாதீங்க. போனா போலீஸ் கேசாயிடும்."

ஒரு காலுக்கு உரிய மூன்று நிமிடம் முடிந்தது. வாசலில் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்தி கேட்டார்கள். சாவு இல்லை என்றதும், "எப்படி எங்களுக்கெல்லாம் தெரியாம எருமை வாங்குன?" என்று கேட்டார்கள்.

போகாதே என்று சொன்ன இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று ஆண்டாயிக்குத் தோன்றியது. மறுநாள் காலை பஸ்ஸில் அரியலூர் போனாள்.

மருதையாற்று வட்டாரக் கறவைமாட்டு அபிவிருத்திக் கடன் சங்கம் அங்கே ஒரு மாடியில் இருந்தது. மாடு ஏற முடியாத குறுகலான படி. சங்கத்தின் நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஒரு தனி அலுவலரை அரசாங்கம் போட்டிருந்தது. தனி அலுவலருக்கு இதுபோல் பதினான்கு சங்கங்கள் இருந்ததால் அவர் எந்தச் சங்கத்திலும் இருப்பதில்லை. செயலாளர் சின்னதுரைதான் இருந்தார்.

"ஹெட் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சுங்க" என்று ஆண்டாயி ஆரம்பித்தாள்.

ஹெட் ஆபீஸ் என்றதும் சின்னதுரை எழுந்து நின்றார். சற்று நேரம் கழித்து, எதிரில் இருப்பவள் ஹெட் ஆபீஸ் இல்லை என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்கே போன் கிடையாது. பதினோரு வருஷமா எழுதிப் போட்டுக்கிட்டிருக்கோம். உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்காங்க" என்றார். குரலில் பொறாமை இருந்தது.

அவள் சொன்ன வருடத்தையும் தொகையையும் கேட்டுக்கொண்டு லெட்ஜரை எடுத்துப் புரட்டினார். மூன்று முறை புரட்டினார். "உங்க பேரு இல்லையே."

ஆண்டாயிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "அப்ப, எம்பேர்ல கடன் இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார். அதை வச்சு அந்த ஆளுகிட்டப் பேசிக்கறேன்."

"அப்படி எழுத முடியாதும்மா. பாக்கி இல்லைங்கிற சான்று, கடன் வாங்கிக் கட்டி முடிச்சவங்களுக்குத்தான். நீங்கதான் வாங்கலையே."

"வாங்காதவளுக்குப் பாக்கி ஏது சார்?"

"அதான் எனக்கும் கவலையா இருக்கு" என்றார் சின்னதுரை. அவர் நெற்றி வேர்த்திருந்தது. "யோசிச்சுப் பாருங்க. ஹெட் ஆபீஸ்ல பாக்கி இருக்கு. நம்ம லெட்ஜர்ல இல்லை. தப்பு எங்க இருக்கும்? ஹெட் ஆபீஸ் தப்புப் பண்ணாது. நாளைக்கு அவங்க வந்து, இந்தப் பேரை ஏன் விட்டேன்னு என்னைக் கேட்டா?"

"அவன் ஹெட் ஆபீஸ் ஆளுதானான்னு ஒரு காகிதம் போட்டுக் கேளுங்க சார்."

"மேலிடத்தைச் சந்தேகப்பட்டு நான் காகிதம் போட்டேன்னா, அந்தக் காகிதம் என் பைலுக்குள்ள போயிடும்."

இவ்வளவு சொல்லிவிட்டு, சின்னதுரை பென்சிலை எடுத்தார். 1978ஆம் வருடப் பக்கத்தின் அடியில் காலியாக இருந்த கோட்டில் எழுதினார்: ஆண்டாயி, க/பெ மதுரைவீரன், எருமை ஒன்று, ரூ. 1800. எழுதி முடித்ததும் அவர் முகம் தெளிந்தது.

"என்ன சார் எழுதுறீங்க?"

"பயப்படாதீங்க. பென்சில்தான்."

ஒரு மோசடிக்காரன் போனில் சொன்ன பொய் ஒரே நாளில் சங்கத்தின் கணக்கில் ஏறிய விதம் இதுதான். அவனுக்கு அறுநூறு ரூபாய் போதுமாயிருந்தது. சங்கத்துக்கு முழுத்தொகையும் வேண்டியிருந்தது.

பத்து நாளில் சங்கத்தின் மேற்பார்வையாளர் கண்ணையன் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் அட்டை, கக்கத்தில் குடை.

"எருமையைக் காட்டுங்க."

"எருமை இல்லீங்க."

கண்ணையன் எழுதினார். "எருமை காணவில்லை. வித்துட்டீங்களா?"

"வாங்கினாத்தானே சார் விக்கிறதுக்கு."

"செத்துப்போச்சா?"

"பொறந்ததே இல்லீங்க."

கண்ணையன் எழுதுவதை நிறுத்தினார். அவர் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியவர். அதைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பினார். "செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்கம்மா. அதான் நல்லது. மாட்டு டாக்டர்கிட்டப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கி, எருமையோட இடது காதை அதுல மாட்டின நம்பர் வில்லையோட அறுத்து ஆபீஸ்ல ஒப்படைச்சா, வட்டியில நூறு ரூபா கழிப்பாங்க."

"எந்தக் காதை சார் அறுக்கறது?"

"இடது காது. விதியில தெளிவா இருக்கு."

அப்போது கொளஞ்சியம்மாளின் எருமை வேலியோரமாகத் தலையை நீட்டியது. கண்ணையன் அதையே பார்த்தார். பையிலிருந்து பித்தளை வில்லை ஒன்றை எடுத்தார். "இது உங்க வேலிப் பக்கம்தானே நிக்குது? ஒரு நிமிசம் பிடிச்சுக்கிட்டீங்கன்னா வில்லையை மாட்டிடுறேன். எருமை இருக்குன்னு எழுதிட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

வில்லையோடு அவர் வேலியைத் தாண்டிய பிறகு நடந்ததைக் கொளஞ்சியம்மாள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கையில் விளக்குமாறு இருந்தது. கண்ணையன் குடையை விட்டுவிட்டுப் போனார். அவருடைய அறிக்கையில், 'கடன்தாரர் எருமையை அண்டை வீட்டில் பதுக்கி வைத்துள்ளார். அண்டை வீட்டார் தாக்கும் சுபாவமுள்ளவர்' என்று இருந்தது. அன்று மாலையே சின்னதுரை பென்சில் எழுத்தின் மேல் மையால் எழுதினார்.

சங்கத்திலிருந்து ஜப்தி நோட்டீஸ் வந்த அன்று ஆண்டாயி சமைக்கவில்லை. சிந்தாமணி நோட்டீசை வாசித்துவிட்டு, "நான் படிப்ப நிறுத்திக்கறேம்மா, வேலைக்குப் போறேன்" என்றாள். ஆண்டாயி அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். அழுது முடித்ததும் ஆண்டாயி நோட்டீசை எடுத்துக்கொண்டு நேராகத் தபாலாபீசுக்கு நடந்தாள்.

அய்யம்பெருமாள் நோட்டீசை முழுக்கப் படித்தார். "திருச்சியிலேர்ந்தா பேசினான்?"

"அப்படித்தான் சொன்னாருங்கய்யா."

அவர் ஒரு நீளமான நோட்டை எடுத்துப் பிரித்தார். "ஒவ்வொரு காலும் எங்கேயிருந்து வருதுன்னு அரியலூர் எக்ஸ்சேஞ்சுல சொல்லுவாங்க, நான் எழுதிவைப்பேன். இதோ இருக்கு. செவ்வாய்க்கிழமை, பதினொண்ணு பத்து, பெரம்பலூர்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்கய்யா."

"நீ கேக்கலையேம்மா" என்றார். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்த பலகையை விட்டு இறங்கி வந்தார். "அவன் மறுபடி கூப்பிடுவான். பயப்படாம கேள்வி கேளு. நெசமான ஆபீஸ்காரன்னா ஒன் மெம்பர் நம்பரைச் சொல்லுவான், என்னைக்குக் கடன் குடுத்தாங்கன்னு தேதி சொல்லுவான், ரசீது குடுப்பான், காகிதத்துல எழுதி அனுப்புவான். ஏமாத்துறவன் அவசரப்படுத்துவான், யார்கிட்டயும் சொல்லாதேம்பான், தன் சொந்தப் பேருக்குப் பணம் அனுப்பச் சொல்லுவான்."

மூன்றாம் நாள் போன் வந்தது. இந்த முறை அழுவதற்கு யாரும் கூட வரவில்லை.

"பணம் இன்னும் வரலை" என்றது குரல். "நாளைக்கு ஜப்தி. மெஷினைத் தூக்கிடுவாங்க."

"அனுப்பிடறேங்க. எம் மெம்பர் நம்பரு என்னங்க?"

"அதெல்லாம் பைல்ல இருக்கு."

"பைலைப் பாத்துச் சொல்லுங்களேன். எந்தத் தேதியில ரூபா குடுத்தீங்க?"

"கேள்வி கேக்கிற வேலையெல்லாம் வேணாம். மரியாதையாப் பேசறேன்ல?"

"நம்பரு குடுத்தீங்கன்னா நானே திருச்சிக்குப் போன் போட்டு உங்களக் கூப்புடுறேங்க."

குரல் சூடாகியது. "இந்தாம்மா, ஜாமீன் கையெழுத்து உங்க வீட்டுக்காரர் போட்டது. மதுரைவீரன். போன வாரம்கூட ஆபீசுக்கு வந்து, டைம் குடுங்க சார்னு என் கால்ல விழுந்தாரு. அவருக்கு இருக்கிற பயம்கூட உனக்கு இல்லை."

ஆண்டாயி ரிசீவரை இறுகப் பிடித்தாள்.

"போன வாரமா வந்தாரு?"

"ஆமா. திங்கக்கிழமை."

"எப்படிங்க இருந்தாரு? கால் சரியாயிருந்துச்சா? லாரி ஏறினப்ப எடது காலு தனியாப் போயிடுச்சு. ரெண்டையும் சேத்து வச்சுத்தான் பொதைச்சோம். அஞ்சு வருசமாச்சு."

லைன் அறுந்தது.

மறுநாள் அய்யம்பெருமாள் சொன்னபடி, அவனைக் கையெழுத்தோடு பிடிக்க, அவள் அந்த லாட்ஜுக்குப் பத்து ரூபாய் மணியார்டர் அனுப்பினாள். கூடவே பெரம்பலூர் போலீசுக்கு ஒரு மனு, அதில் நோட்டில் இருந்த இரண்டு தேதியும் நேரமும். பெரம்பலூர்த் தபால்காரர் லாட்ஜில் எட்டாம் நம்பர் அறையைத் தட்டியபோது அவர் பின்னால் ஒரு ஏட்டு நின்றார். ராஜசேகரன் என்று கையெழுத்துப் போட்டவனின் சொந்தப் பெயர் செல்லமுத்து.

ஆண்டாயியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் அவனைப் பார்த்தாள். முப்பது வயது, ஒட்டிய கன்னம், நன்றாகத் துவைத்த சட்டை. அவன் அதே சங்கத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தவன். ஏழு மாதம் சம்பளம் தரவில்லை. கேட்டதற்கு, பழைய காகிதக் கட்டுகளை எடைக்குப் போட்டு எடுத்துக்கொள் என்று சொன்னார்களாம். ஒரு கட்டின் மேல் 'எருமைக் கடன் 1978' என்று எழுதியிருந்தது.

"கடன் வாங்கினவங்கன்னு நெனச்சுத்தாங்க்கா போன் பண்ணேன்" என்றான். "கட்டு மொத்தத்தையும் படிச்சப்பறம்தான் தெரிஞ்சது. அதெல்லாம் கடன் கேட்டவங்க. ஒருத்தருக்கும் குடுக்கலை."

மேசை மேல் அந்தக் கட்டு இருந்தது. ஏட்டு ஒரு தாளை உருவி அவளிடம் நீட்டினார். ஆண்டாயி பெயரில் கறவை எருமை கேட்டு மனு. சொத்து விவரம்: தையல் மெஷின் ஒன்று. ஜாமீன்: மதுரைவீரன், பெருவிரல் ரேகை. அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலும் ஒரு பெருவிரல் ரேகை. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இரண்டும் மதுரைவீரன் விரல்தான். எருமையைக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறான். தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: பரிசீலனையில்.

"எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டாள்.

"கேஸ் ஐட்டம்மா, குடுக்க முடியாது" என்றார் ஏட்டு.

செல்லமுத்துவுக்கு ஆறு மாதம் போட்டார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சங்கம் நினைக்கவில்லை. போனில் பேசியவன் போலி என்று போலீஸ் எழுதிய கடிதத்தைச் சின்னதுரை கவனமாகப் படித்துவிட்டு, "போன் போலி. லெட்ஜர் அசல்" என்று எழுதிப் பைலில் கோத்தார். கடன்தாரர்களுக்கு ஓர் எச்சரிக்கைச் சுற்றறிக்கையும் போட்டார்: 'போலி நபர்கள் போனில் மரியாதையாகவும் பரிவாகவும் பேசுவார்கள். சங்க ஊழியர்கள் அவ்வாறு பேசமாட்டார்கள். இதைக் கொண்டு வேறுபாடு அறியவும்.'

பங்குனி முதல் வாரம் கண்ணையன் மாட்டுவண்டியோடும் இரண்டு ஆட்களோடும் மெஷினைத் தூக்க வந்தார். கொளஞ்சியம்மாள் வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்தார். ஆண்டாயி மெஷினை விட்டு எழவில்லை. காலை மிதியில் வைத்திருந்தாள். ஊர் கூடியது. அய்யம்பெருமாள் தபாலாபீசைப் பூட்டிவிட்டு வந்தார்.

"தூக்குங்க சார்" என்றாள் ஆண்டாயி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டுங்க. எங்கிட்ட ஆயிரத்தெண்ணூறு குடுத்திருந்தா, வாங்கிக்கிட்டேன்னு நான் போட்ட கையெழுத்து இருக்கணும். எங்க?"

"லெட்ஜர்ல இருக்கே."

"லெட்ஜர்ல இருக்கிறது உங்க செயலாளர் எழுத்து. அவரு பென்சில்ல எழுதுறப்ப நான் எதுத்தாப்புல நின்னேன். ரூபா பெட்டியை விட்டுப் போயிருக்குன்னா, எங்கிட்ட வரல. அப்ப யாருகிட்டப் போச்சு?"

"இதையேதான் ஆடிட் ஆபீசுக்கு எழுதி நேத்து ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கு" என்றார் அய்யம்பெருமாள். "ரசீது எங்கிட்ட இருக்கு."

கண்ணையன் வண்டிக்காரனைப் பார்த்தார். வண்டி காலியாகத் திரும்பியது.

ஆடிட்டர் வந்து சின்னதுரையிடம் அதே கேள்வியைக் கேட்டார். எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். எழுதியது மெய் என்றால் பணம் எங்கே என்று சொல்ல வேண்டும். சின்னதுரை மனைவியின் காசுமாலையை அடகு வைத்து, ஆண்டாயி பெயரில் அசலும் வட்டியுமாக ஒரே தவணையில் கட்டி ரசீது போட்டார். ஆண்டாயியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது, விழா அழைப்பிதழ் வந்தபோதுதான். கடன் வசூல் வார நிறைவு விழாவில் சிறந்த கடன்தாரர் விருது அவளுக்கு.

"போவாத" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"போறேன்" என்றாள் ஆண்டாயி.

அரியலூரில் பந்தல் போட்டு, பேண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். பதினான்கு சங்கங்களில் எதிலும் காணப்படாத தனி அலுவலர் மேடையில் நேரிலேயே இருந்தார்.

"பெரியோர்களே" என்று அவர் பேசினார். "இந்த ஆண்டு நம் சங்கம் ஒரு எருமைகூட வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் வசூல் நூற்றுப் பதினோரு சதவீதம். இது எப்படி முடிந்தது என்று மாவட்டமே கேட்கிறது. எருமை தீனி தின்னும், நோயில் விழும், செத்துப்போகும். எருமையை நம்பினால் வசூல் கெடும். எருமை இல்லாமலே வசூலிக்கலாம் என்று நாம் நிரூபித்திருக்கிறோம். சில விஷமிகள் போனில் மிரட்டிய காலத்தில், பயந்துபோன விவசாயிகள் பலர் இங்கே ஓடி வந்து பணம் கட்டினார்கள். விஷமிகளைக் கண்டிக்கிறேன். ஆனால் பயத்தின் பயனை நாம் மறந்துவிடக்கூடாது. அடுத்ததாக, கைம்பெண்ணாக இருந்தும் ஒரே தவணையில் கடனடைத்த சகோதரி ஆண்டாயி."

எவர்சில்வர் குடம் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை நன்றி சொல்லச் சொல்லி மைக்கை முன்னால் இழுத்துவைத்தார்கள். ஆண்டாயி குடத்தைத் தரையில் வைத்தாள்.

"நான் கடன் வாங்கலீங்க" என்றாள். "எம் புருசன் கேட்டாரு. எனக்குத் தெரியாமக் கேட்டாரு. அவரு உசுரோட இருக்கையில ஒரு பதிலு போடல. அவரு கேட்ட காகிதத்த சம்பளத்துக்குப் பதிலா ஒருத்தன்கிட்டத் தூக்கிக் குடுத்தீங்க. அவன் திருடன், உள்ள இருக்கான். எங்கிட்டப் பொய் சொன்னான், ஆனா கேள்வி கேட்டதும் லைன அறுத்துட்டுப் போயிட்டான். நீங்க போவல. என் வாசலுக்கு வண்டி கொண்டாந்தீங்க. கட்டாத கடனக் கட்டுனதா எழுதிக்கிட்டீங்க. இப்ப நன்றி சொல்லச் சொல்றீங்க."

அதற்குள் மைக் நின்றுவிட்டது. பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. வாத்தியத்துக்கு மேலே அவள் வாய் அசைந்துகொண்டிருந்ததை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். குடத்தை எடுக்காமல் இறங்கிப் போனாள்.

சித்திரையில் சங்கத்தின் ஆண்டறிக்கை அச்சாகித் தபாலில் வந்தது. அய்யம்பெருமாள் அதை வீட்டுக்கே கொண்டுவந்து வாசித்தார். "பயனாளி திருமதி ஆண்டாயி, சங்கம் தமக்கும் தம் கணவருக்கும் ஆற்றிய சேவையை உணர்ச்சி பொங்க நினைவுகூர்ந்து நன்றியுரை ஆற்றினார்."

ஆண்டாயி ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கொக்கியை முடித்து நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"கீழ கையெழுத்துப் போட்டிருக்கிறது யாருங்கய்யா?"

"தனி அலுவலர்."

"நான் கட்டினதா எழுதியிருக்கிற ரசீது எத்தனாம் நம்பருன்னு அதுல இருக்குங்களா?"

அய்யம்பெருமாள் பக்கத்தைத் திருப்பினார். "இருக்கும்மா."

"பேரையும் நம்பரையும் ஒரு துண்டுல எழுதிக் குடுங்க" என்றாள் ஆண்டாயி. "நான் கட்டலைன்னு ஆடிட்டுக்காரருக்கு அடுத்த தபாலு போவட்டும்."